மோரியர் வீட்டு வாசல்

ஐம்பதுகளின் நடுவில் எனக்கு ஓசூர்ப் பக்கம் கிராம சேவிகா வேலை கிடைத்தது. அப்போது ஓசூர் சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. நான் பிறந்து வளர்ந்ததும் சேலம் டவுன்தான். ஆனாலும் அதே ஜில்லாவுக்குள் சித்திரை மாதத்தில்கூடக் காலையில் போர்வையை விட்டு எழ மனம் வராத ஓர் ஊர் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தளிக்குப் போகிற பாதையிலிருந்து பிரிந்து, இரண்டு மேடு ஏறி இறங்கினால் அந்த ஊர். வீடு வீடாகப் போய்ப் புகையில்லா அடுப்பு போட்டுக் கொடுப்பது, கொல்லையில் காய்கறி விதை போடச் சொல்வது, சாக்கடைத் தண்ணீருக்குக் குழி வெட்டச் சொல்வது, இவைதான் என் வேலை. பெண்கள் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். நான் தெரு திரும்பியதும் பழைய அடுப்பையே பற்றவைப்பார்கள்.

என்னோடு ஒரே வீட்டில் குடியிருந்தவர் அந்த வட்டாரத்துப் பிரசவ நர்ஸ். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். திருநெல்வேலிக்காரர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை "ஏட்டி" என்பார். ஊர்க்காரர்கள் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, பாதிப் பேர் கன்னடம். கடைக்கு வந்தால் எல்லாம் கலந்து பேசுவார்கள். அக்காவின் திருநெல்வேலித் தமிழ் யாருக்கும் சரியாகப் புரியாது. ஆனால் பிரசவ வலியில் இருக்கிற பெண்ணுக்கு மட்டும் அவர் சொல்வது எப்படியோ புரிந்துவிடும். கன்னடத்தில் "வாருங்கள்" என்பதற்கு "பன்னி" என்று சொல்வார்கள். வந்த புதிதில் ஒரு வீட்டு வாசலில் ஒரு பெரியம்மா வாய் நிறையச் சிரித்துக்கொண்டு "பன்னி, பன்னி" என்றபோது அக்கா அப்படியே திரும்பி வந்துவிட்டாராம். "யாரப் பாத்துப் பன்னிங்கா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்ததாக அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்த வருஷம் கோடையில், பாறைக் குன்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சின்ன ஊரில் ஒரு கர்ப்பிணியைப் பார்க்கப் போனோம். தெலுங்கு பேசுகிற விவசாயக் குடும்பம். பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது, முதல் பிரசவம். அக்கா வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். எந்த ஊர், அங்கே ரயில் எந்நேரம் வரும், சேலத்து மாம்பழம் இங்கே விற்கிறது போலத்தான் இருக்குமா. பேச்சோடு பேச்சாக, "திரும்பிப் போறப்போ பாறை மேல போங்க. மோரியர் வீடு இருக்கும், பாத்துட்டுப் போங்க. சுத்து வழியும் மிச்சம்" என்றாள்.

"மோரியர்னா யாரு?" என்றேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தக் காலத்து ஆளுங்க. குள்ளமா இருப்பாங்களாம்."

சுற்று வழி மிச்சம் என்ற ஒரே காரணத்துக்காக அக்கா ஒத்துக்கொண்டார்.

குன்று என்றால் மரம் செடி உள்ள குன்று இல்லை. யானை முதுகு மாதிரி ஒரே வழுக்குப் பாறை. மேலே ஏறி முடிக்கவில்லை, வானம் கறுத்து, காற்று கிளம்பி, ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. புளியங்கொட்டை அளவுக்குத்தான் இருந்தாலும் வெறும் பாறையில் நிற்கிறவர்களுக்கு அது போதும். மருந்துப் பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அக்கா ஓடினார். அப்போதுதான் கொஞ்ச தூரத்தில் ஒரு கறுப்புக் கம்பளி அசைந்தது. அதன் அடியிலிருந்து ஒரு பெண் குரல் "பன்னி, பன்னி!" என்று கத்தியது. அக்கா இந்த முறை மறுபேச்சுப் பேசவில்லை.

நாங்கள் நுழைந்த இடம் என்னவென்றே முதலில் எனக்குப் புரியவில்லை. நாலு பக்கமும் நிறுத்திவைத்த பலகைக் கற்கள். ஒரு பக்கத்துக் கல் விழுந்து கிடந்ததால் அந்த வழியாகக் குனிந்து உள்ளே போக முடிந்தது. மேலே கூரையாக ஒரே கல். உள்ளே ஆடு மேய்க்கிற ஒரு பெண், இரண்டு ஆட்டுக்குட்டிகள், அவற்றின் வாடை, நாங்கள் இருவர். கல்லில் ஆலங்கட்டி விழும் சத்தம் காதை அடைத்தது. ஆனால் உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை. நான் கையை உயர்த்திக் கூரைக் கல்லைத் தடவிப் பார்த்தேன். எங்கள் வீட்டு அம்மிக்கல்லை நகர்த்தவே இரண்டு பேர் வேண்டும். இதை யார் தூக்கி வைத்தார்கள்?

ஆட்டுக்காரப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். பாதிக் கன்னடம், பாதித் தமிழ்.

"இது மோரியர மனெ, அம்மா. மோரியர் இருந்த வீடு."

"எவ்வளவு உயரம் இருப்பாங்க?"

அவள் தன் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை காட்டினாள். "முழ உசரம். ஆள்தான் சின்னது. பலம் ரொம்ப. பத்து பேர் தூக்கற கல்ல ஒரு ஆள் தூக்கிடுவான்."

"அப்புறம் எங்கே போனாங்க?"

"பெங்கி மளெ வந்திச்சு. நெருப்பு மழை. வரப்போவுதுன்னு தெரிஞ்சு கல்லுல வீடு கட்டி உள்ள பூந்துக்கிட்டாங்க. கல்லு காஞ்சுபோயி, உள்ளயே வெந்து செத்துட்டாங்க." அவள் இதைப் பக்கத்து ஊரில் போன வாரம் நடந்தது போலச் சொன்னாள். ஒரு குட்டி என் புடவைத் தலைப்பை மெல்ல ஆரம்பித்திருந்தது.

மழை சட்டென்று நின்றது. வெளியே வந்து பார்த்தால் பாறை முழுக்க வெள்ளைக் கட்டிகள். வெயில் வந்ததும் அவற்றிலிருந்து ஆவி எழுந்தது. அப்போதுதான் மற்றவற்றைப் பார்த்தேன். எங்களுக்கு இடம் கொடுத்தது போல இன்னும் பல கல்வீடுகள் அந்தப் பாறை மேல் இருந்தன. சில சரிந்து கிடந்தன. சிலவற்றைச் சுற்றிப் பலகைக் கற்களை வட்டமாக நட்டிருந்தார்கள். ஒன்று மட்டும் முழுசாக நின்றது. அதன் கிழக்குப் பக்கக் கல்லில் வட்டமாக ஓர் ஓட்டை. சோற்றுப் பானையின் வாய் அளவைவிடக் கொஞ்சம் பெரிது. விளிம்பைத் தேய்த்து மழமழவென்று ஆக்கியிருந்தார்கள்.

"வாசல்" என்றாள் ஆட்டுக்காரி. "உள்ள பொம்மை எழுதியிருக்கு. சின்னப்புள்ளையா இருக்கறப்போ நான் போயிருக்கேன். இப்ப நொழைய முடியாது." தன் இடுப்பைத் தட்டிக் காட்டினாள்.

பொம்மை எழுதியிருக்கிறது என்று கேட்ட பிறகு என்னால் அங்கிருந்து நகர முடியவில்லை. அப்போது நான் ஒல்லி.

"ஏட்டி, என்ன பண்ணுதே? உள்ள பாம்பு கெடந்தா?" என்று அக்கா கத்துவதற்குள் கைகளை முன்னால் நீட்டி, தலையை விட்டு, ஊர்ந்து உள்ளே போய்விட்டேன். பாம்பு இல்லை. ஆட்டுப் புழுக்கையும், முள்ளம்பன்றி முள் ஒன்றும், காய்ந்த இலைகளும். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு எதிர்ச் சுவரில் வெள்ளையாக ஒரு மனிதன் தெரிந்தான். கைகள் இரண்டையும் மேலே தூக்கியிருந்தான். அவன் பக்கத்தில் ஒரு மிருகம்; குதிரையா மாடா என்று சொல்ல முடியவில்லை. அதன்மேல் ஒரு குச்சி மனிதன். இன்னும் தள்ளி, கோலக் கம்பி இழுத்தது போலச் சில கோடுகள். வாசலில் கோலம் போடுகிறவளின் விரல் எந்த வேகத்தில் போகுமோ அந்த வேகம் அந்தக் கோடுகளில் இருந்தது. தொடலாமா என்று நினைத்தேன். தொடவில்லை.

வெளியே வரும்போதுதான் வம்பு வந்தது. போனபோது செய்தது போல இரண்டு கைகளையும் நீட்டாமல், தலையையும் ஒரு கையையும் மட்டும் வெளியே நீட்டினேன். இன்னொரு கை உடம்போடு ஒட்டி உள்ளே மாட்டிக்கொண்டது. புடவைத் தலைப்பு எங்கேயோ கல்லில் சிக்கியிருந்தது. முன்னாலும் வர முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. மூச்சு இழுத்தால் கல் நெஞ்சில் இடித்தது. நெருப்பு மழையும் வெந்துபோன மோரியரும் நினைவுக்கு வர, நான் அழ ஆரம்பித்தேன்.

அக்கா மருந்துப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் மண்டியிட்டார். அவர் குரல் மாறிவிட்டது. பிரசவ வீடுகளில் கேட்ட குரல்.

"அழாத. அழுதா உடம்பு இறுகும். மூச்ச மெதுவா விடு. தல வந்துட்டுல்லா, இனி ஒண்ணுமில்ல. இப்ப முக்காத. தோள ஒரு பக்கமாத் திருப்பு. நேரா வரப்படாது, சரிஞ்சு வரணும். அப்படித்தான். ஒரு தோளு வந்தாச்சு..."

ஒரு கையை என் கழுத்துக்குக் கீழே கொடுத்து, இன்னொரு கையால் தோளைத் திருப்பி இழுத்தார். புடவை கிழிகிற சத்தம் கேட்டது. அடுத்த நொடி நான் ஈரப் பாறையில் அவர் மடிமீது கிடந்தேன். ஆட்டுக்காரி கை தட்டிச் சிரித்தாள். "ஹெண்ணு மகு! ஹெண்ணு மகு!" பெண் குழந்தை, பெண் குழந்தை. அக்கா என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். பிறந்த குழந்தைக்கு வைக்கிற அடி இல்லை அது.

அன்று வீட்டில் களி கிளறும்போது இருவருக்கும் அதே பேச்சுதான். நான் அது வீடு என்றேன். வாசல் இருக்கிறது, கூரை இருக்கிறது, சுவரில் படம்கூட எழுதியிருக்கிறார்கள்.

"வீடுன்னா அடுப்பு எங்கட்டி?" என்றார் அக்கா.

நான் துடுப்பை நிறுத்திவிட்டேன். ஊர் ஊராகப் போய் அடுப்பைப் பற்றிப் பேசுகிறவள் நான். புகை படிந்த கூரை எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்தக் கல்லுக்குள் ஒரு பொட்டுக் கரி இல்லை. வெள்ளைக் கோடுகள் நேற்றுப் போட்டது போல் இருந்தன. ஒருநாளாவது அங்கே சமைத்திருந்தால் அவை அப்படி இருக்காது. வீடு இல்லையென்றால், பிறகு என்ன?

அதற்குப் பிறகு போகிற வீடுகளிலெல்லாம் அடுப்புப் பேச்சு முடிந்ததும் கல்வீட்டுப் பேச்சைத் தொடங்கிவிடுவேன். தமிழ் பேசுகிறவர்கள் பாண்டவர் வீடு என்றார்கள். வனவாசத்தில் வந்து தங்கினார்களாம். தெலுங்குக்காரர்கள் ராட்சசர் கட்டியது என்றார்கள். கன்னடக்காரர்களுக்குக் குள்ளர். ஒரே கல்லுக்கு ஒரு வீட்டில் மலை போன்ற ஆள், அடுத்த வீட்டில் முழ உயரத்து ஆள். ஒருமுறை கிருஷ்ணகிரிக்கு மீட்டிங் போய்விட்டுத் திரும்பும் வழியில், குந்தாரப்பள்ளியில் சந்தை நாளாக இருந்ததால் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பல ஊர்க்காரர்கள் ஒரே இடத்தில் கிடைப்பார்களே என்ற எண்ணம். மாட்டு வியாபாரிகளிடம் போய், "உங்க ஊர்ல வட்டமா நட்ட கல்லு இருக்கா?" என்று கேட்டேன். மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கு? பொதையல் எடுக்கவா?" என்றார். இன்னொருவர் மட்டும் சிங்காரப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். தங்கள் ஊர்க் காட்டில் அப்படி வட்டம் வட்டமாக நிறைய இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வந்து பாருங்கள் என்றார். மாடு வாங்காமல் கல்லை விசாரிக்க வந்தவளை அவருக்குப் பிடித்துப்போயிற்று.

குன்றுக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு ஆடியில் பிரசவமானது. நிஜமாகவே பெண் குழந்தை. அக்கா போய்ப் பார்த்து, சுகப்பிரசவம் என்று வந்து சொன்னார். ஒரு மாதம் கழித்து, குழந்தை எப்படி இருக்கிறது என்று பார்க்க இருவரும் போனோம். ஊருக்குள் நுழையும்போதே அவர்கள் நிலத்தில் ஆட்கள் கும்பலாக நிற்பதும், மாமியாரின் குரல் தெலுங்கில் "மூசெய்ரா! மூசெய்ரா!" என்று கேட்பதும் தெரிந்தது. மூடிவிடு, மூடிவிடு என்று மகனிடம் கத்திக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். அவர்கள் கொள்ளு விதைக்கிற மேட்டு நிலத்தின் நடுவில் ஒரு கல்வட்டம். முழங்கால் உயரத்து உருண்டைக் கற்கள் வட்டமாக, நடுவில் சின்னக் கற்கள் குவியலாக. காலங்காலமாக அதைச் சுற்றித்தான் ஏர் ஓட்டியிருக்கிறார்கள். இப்போது மகன், அதாவது அந்தப் பெண்ணின் கணவன், கிணறு வெட்ட முடிவு செய்தான். அங்கேயே வெட்டினால் குழியும் ஆயிற்று, சுற்றுச்சுவர் கட்டக் கல்லும் ஆயிற்று என்பது அவன் கணக்கு. மார்பளவு வெட்டியதும் ஒரு பலகைக் கல் தட்டுப்பட்டது. கடப்பாரை போட்டு நகர்த்தினால் அடியில் கற்பெட்டி மாதிரி ஓர் அறை, உள்ளே பானைகள். வேலைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக மேலே ஏறிக் கைகால் கழுவிக்கொண்டு தள்ளி நின்றுவிட்டார்கள். இரண்டு நாளாகக் குழந்தை பால் குடிக்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மாமியாருக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது.

அக்கா குழிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே வீட்டுக்குள் போனார். குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கெல்லாம் தயிர் ஒட்டியது போல வெள்ளை. "வாய்ப்புண்ணும்மா. வாய் வலிச்சா எப்படிப் பால் குடிக்கும்?" என்று சொல்லி, பஞ்சில் ஊதா மருந்தைத் தொட்டு வாய் முழுக்கத் தடவினார். நாவற்பழம் தின்றது போல ஆகிவிட்ட வாயோடு குழந்தை வீறிட்டது. தாய் பதறவில்லை. கொஞ்சம் பொறுத்து மார்பில் போட்டுக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்த குழந்தை, மெதுவாக, விட்டு விட்டு, இழுக்கத் தொடங்கியது.

குழந்தை தூங்கிய பிறகு அவள் அக்காவிடம், "அந்தப் பானையில என்ன இருக்குன்னு நான் பாக்கணும்" என்றாள்.

"நீயா? பச்ச ஒடம்புக்காரி!"

"எங்க நெலந்தானே. எல்லாரும் பாக்கறாங்க. என் புள்ளைக்கு அதாலதான் நோவுன்னு சொல்றாங்க. அது என்னன்னு நான் மட்டும் பாக்கக் கூடாதா?"

மாமியார் கதவருகே வந்து மறித்தார். அவள் குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, மாமியாருக்குப் பக்கவாட்டில் நுழைந்து வெளியே வந்தாள். நாங்கள் பின்னால் நடந்தோம். கடைசியில் மாமியாரும் வந்தார்.

அவளைப் புங்க மர நிழலில் நிற்கவைத்துவிட்டு, அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். நானும் இறங்கினேன். மண்ணின் குளிர்ச்சி காலில் ஏறியது. பானைகள் மேல் பாதி கறுப்பு, கீழ் பாதி சிவப்பு. மெருகு போட்ட மாதிரிப் பளபளப்பு. எங்கள் சந்தையில் விற்கிற எந்தப் பானையும் அந்த மெருகில் இல்லை. கிண்ணத்துக்குள் கிண்ணமாக அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் துருப்பிடித்து வீங்கிய ஓர் அரிவாள் இரும்பு. பெரிய பானை ஒன்று பக்கவாட்டில் உடைந்திருந்தது. அதற்குள் மண்ணோடு மண்ணாக எலும்புகள்.

அக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "இது தொடை. இது முழங்கைப் பக்கம். பல்லு பாரு, நல்லாத் தேஞ்சிருக்கு. வயசான ஆளா இருக்கலாம், இல்ல மண்ணும் கல்லும் கலந்த மாவத் தின்னிருக்கலாம்."

"எவ்வளவு உயரம் இருந்திருப்பாங்க, அக்கா?"

அவர் தொடை எலும்பைத் தன் தொடையோடு வைத்துப் பார்த்தார். "என்ன மாதிரி ஒரு ஆளு. குள்ளனுமில்ல, ராட்சசனுமில்ல."

மேலே நின்றவர்களுக்குக் கேட்கட்டும் என்று அதையே நான் உரக்கச் சொன்னேன். யாரோ ஒருவர், "நம்ம மாதிரியா?" என்று கேட்டார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

மூலையில் ஒரு சின்னப் பானை, கிண்ணத்தைக் கவிழ்த்து மூடியிருந்தது. அக்கா மூடியை எடுத்து, உள்ளே விரலை விட்டு, எதையோ உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். எட்டிப் பார்த்தேன். என் சுண்டு விரலைவிடச் சின்னதாக வளைந்த எலும்பு.

"தாடை" என்றார் தணிந்த குரலில். "பல்லு இன்னும் வெளிய வரல. எலும்புக்குள்ளயே இருக்கு."

தணிந்த குரல்தான். ஆனால் மர நிழலில் இருந்தவளுக்குக் கேட்டுவிட்டது. குழியின் விளிம்புக்கு வந்து உட்கார்ந்தாள். "பெரிய பானையில இருக்கறது அம்மாவா?"

அக்கா ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அங்கே நின்ற எல்லோரும் ஆசைப்பட்டார்கள் என்று நினைக்கிறேன். அக்கா உதட்டைப் பிதுக்கினார். "தெரியாதும்மா. ஆம்பளையா பொம்பளையான்னு இத வெச்சு என்னால சொல்ல முடியாது. ஒண்ணா வெச்சிருக்காவ. அவ்வளவுதான் தெரியுது."

சின்னப் பானைக்குள் மண்ணோடு சில மணிகளும் இருந்தன. சிவப்புக் கல் மணிகள். மேலே நூல் சுற்றியது போல வெள்ளைக் கோடுகள். அக்கா ஒன்றைத் துடைத்து அவள் கையில் கொடுத்தார். அவள் வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். அவள் கன்னத்தில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துளை வழியாகக் கண்ணை வைத்துப் பார்த்தாள். பிறகு அதை அக்காவிடமே நீட்டினாள்.

"அந்தப் புள்ளையோடது. இருந்தபடியே வெச்சிடுங்க." புருஷனிடம் திரும்பித் தெலுங்கில், "வேற எடம் பாரு" என்றாள்.

அவனுக்குக் கோபம் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? அத்தனை நாள் வெட்டியதெல்லாம் வீண். கையிலிருந்த கடப்பாரையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "யாரோட எலும்புக்கோ நாம தண்ணியில்லாம கெடக்கணுமா?" என்றான். குழி விளிம்பில் உட்கார்ந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து அக்காவைப் பார்த்து, "இது எந்தக் காலம்மா?" என்று கேட்டான்.

"எனக்குத் தெரியாதுப்பா."

"எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல இங்க வந்தோம்னு சொல்வாங்க. அப்ப இதெல்லாம் காடாம். அவரு வந்தப்பவே இந்தக் கல்லு இருந்திச்சாம்." சொல்லிவிட்டுக் குழிக்குள் எட்டிப் பார்த்தான். "அப்ப இவங்கதான் மொதல்ல. நாங்க பின்னால வந்தவங்க."

அக்கா எலும்புகளை எடுத்த மாதிரியே அடுக்கினார். மணியைச் சின்னப் பானையில் போட்டுக் கிண்ணத்தால் மூடினார். பலகைக் கல்லைத் திரும்ப நகர்த்த மட்டும் ஆட்கள் வந்து தோள் கொடுத்தார்கள். மண்ணை அவனே தள்ளினான். மாமியார் வீட்டிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அந்த இடத்தில் ஊற்றிவிட்டுப் போனார்.

குழந்தைக்கு வாய்ப்புண் ஆறிவிட்டது. குழியை மூடியதால்தான் ஆறியது என்று மாமியார் ஊர் முழுக்கச் சொன்னார். நான் மறுத்துப் பேசப் போனபோது அக்கா தடுத்தார். "விடு. ஊதா மருந்துக்கு ஒரு ஓட்டு, குழிக்கு ஒரு ஓட்டு. புள்ள பொழச்சுதுல்லா." நிலத்தின் ஓரத்தில் அவன் வேறு கிணறு வெட்டினான். பாறை வந்து, வெடி வைத்து, ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. கடைசியில் தண்ணீர் வந்தது. பெரிய ஊற்று இல்லை. இருந்தாலும் கொள்ளு மட்டுமே விளைந்த மேட்டில் அவர்கள் அவரையும் கேழ்வரகும் போட அது போதுமானதாக இருந்தது.

எனக்கு ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. குன்றின் மேலிருந்ததும் இது போலச் செத்தவர்களை வைத்த இடமாகத்தான் இருந்திருக்க வேண்டும். உள்ளே இருந்ததை என்றோ யாரோ எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த வட்ட ஓட்டை எதற்கு? பூமிக்குள் வைத்தவர்களும் பாறை மேல் வைத்தவர்களும் ஒரே ஜனமா? பின்னால் ஒருமுறை பழம்பொருள் ஆராய்ச்சி செய்கிற ஒருவரை ஓசூரில் பார்த்தபோது கேட்டேன். ஓட்டை வழியாகப் படையல் வைத்திருக்கலாம், உயிர் வந்து போக விட்டிருக்கலாம், இன்னும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்றார். தெரியாது என்று அவர் சொன்னது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வருஷம் அக்காவுக்கு அவர் ஊர்ப் பக்கமே மாற்றல் வந்தது. போவதற்கு முன் எங்கேயாவது போகலாம் என்று நான்தான் நச்சரித்தேன். கிருஷ்ணகிரியில் தெரிந்தவர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, காலை பஸ்ஸில் ஊத்தங்கரை வழியாகச் சிங்காரப்பேட்டைப் பக்கம் போனோம். மாட்டு வியாபாரி சொன்னது உண்மை. கரட்டுக் குன்றுக்குக் கீழே வட்டம் வட்டமாகக் கற்கள். சில வட்டங்களுக்குள் வேலமரம் முளைத்திருந்தது. ஒன்றில் யாரோ நிலக்கடலை காயப்போட்டிருந்தார்கள். ஒரு வட்டத்தின் நடுவில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம்.

பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். "இத்தன பேரு செத்திருக்காவ. செத்த எடமெல்லாம் பாத்தாச்சு. இவுக உசுரோட இருந்த எடம் எங்கட்டி?"

எனக்கு அது தோன்றவே இல்லை. சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்தேன். தண்ணீர் இருந்த இடத்துக்குப் பக்கத்தில்தானே இருந்திருப்பார்கள் என்று ஏரிப் பக்கம் நடந்தோம். உழுதுபோட்ட ஒரு நிலத்தில் மண் மட்டும் சாம்பல் நிறமாக இருந்தது. குனிந்து பார்த்தால் உழவுச் சால் முழுக்க ஓட்டாஞ்சில்லு. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சிவப்பு. நடுவில் குழிந்து தேய்ந்த ஓர் அரைக்கிற கல், உடைந்தது. ஏரிக்கரையில் மாடு ஓட்டிக்கொண்டு போன ஒரு பெண் நின்று, "என்னாத்தத் தேடறீங்க?" என்று கேட்டாள்.

"அடுப்பு" என்றேன். அவள் எங்களை விநோதமாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

நான் முழங்காலிட்டு, கரி படிந்த கல் ஏதாவது கிடைக்குமா என்று கையால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தேன். தூரத்தில் பஸ் ஹார்ன் கேட்டது. ரோட்டுக்கு ஓடினாலும் பிடித்திருக்க முடியாது.

"அடுத்தது எப்போ?" என்றார் அக்கா.

"சாயங்காலம்தான்."

"அப்ப ஏரிக்கு அந்தப் பக்கமும் பாத்துருவோம்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார்.